ஜிப்சம் போர்டை வெட்டவும் துளையிடவும் எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஃபால்ஸ் சீலிங் அமைப்பவர்களும், அலுவலகத்தில் பார்ட்டிஷன் போடுபவர்களும், முடிந்துபோன சீலிங்கில் பின்னர் ஒரு விளக்கைச் சேர்க்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கும் 12.5 மி.மீ. கனமுள்ள, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டகத்தில் பொருத்தப்படும் ஜிப்சம் போர்டை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. வேறு பொருளைப் பற்றிப் பேச நேர்ந்தால் அது அங்கேயே குறிப்பிடப்படும்.

ஜிப்சம் போர்டை வெட்ட மின்கருவி தேவைதானா?

ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேராக வெட்டுவதற்குத் தேவையில்லை. போர்டை உடையாமல் காப்பது நடுவிலுள்ள ஜிப்சம் அன்று, இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தாள்தான். முகப்புத் தாளைக் கத்தியால் கீறி, அந்தக் கீறல் மேசை விளிம்புக்கு நேராக வருமாறு வைத்துப் பின்பக்கமாக அழுத்தினால், ஜிப்சம் அதே கோட்டில் உடையும். பிறகு பின்பக்கத் தாளை அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. நான்கடிக்கு ஆறடிப் போர்டை இவ்வாறு இரண்டாக்க ஓரிரு நிமிடங்கள் போதும், தூசியும் ஏறக்குறைய இல்லை. இதற்கு வேண்டியவை, நுனியை உடைத்து உடைத்துப் புதிதாக்கிக்கொள்ளும் 18 மி.மீ. அகலக் கட்டர் கத்தியும் நீளமான அலுமினியப் பட்டை ஒன்றும்தான். பிளேடின் முனை மழுங்கினால் தாள் அறுபடாமல் பிய்ந்துகொண்டு வரும் என்பதால், எந்த மெஷினையும் விலை கேட்பதற்கு முன் ஒரு பெட்டி உபரி பிளேடுகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

போர்டின் நடுவில் திறப்பு வேண்டும்போதும், வளைவு வேண்டும்போதும், ஏற்கெனவே மேலே ஏற்றிப் பொருத்திய போர்டில் கை வைக்கும்போதும்தான் மின்கருவி உதவுகிறது. மூலையில் ‘எல்’ வடிவில் எடுக்க வேண்டியிருந்தால், ஒரு பக்கத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, மறுபக்கத்தைக் கீறி உடைத்தே எடுக்கலாம்.

பல இடங்களில் மார்பிள் கட்டரையோ நான்கங்குல கிரைண்டரையோ வைத்து வெட்டுகிறார்களே, அது சரியா?

வெட்டும், ஆனால் இந்த வேலைக்கு அதைவிடப் பொருந்தாத கருவி வேறில்லை. கையில் ஏற்கெனவே இருப்பதால் எடுக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் வட்டு, மென்மையான ஜிப்சத்தை மாவாக அரைத்து அறை முழுவதும் தூவிவிடுகிறது. இரண்டாவது குறை வட்டின் வடிவத்தால் வருவது. 110 மி.மீ. வட்டு 12.5 மி.மீ. கனத்தை முழுமையாக ஊடுருவும்போது, பின்பக்கத்தில் வெட்டு முடியும் புள்ளியைத் தாண்டி முகப்பில் சுமார் 35 மி.மீ. கூடுதலாகக் கீறியிருக்கும். சதுரத் திறப்பு ஒன்றை எடுத்தால் நான்கு மூலைகளிலும் இந்தக் கீறல் வெளியே நீண்டு நிற்கும். பட்டி பார்த்து மறைத்தாலும் நாளடைவில் அங்கிருந்து விரிசல் கிளம்ப வாய்ப்புண்டு. போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயரை வட்டு அறுக்கும்போது பிடித்திருப்பவருக்கு அது கையில் தெரியவும் தெரியாது.

ஜி.ஐ. சேனலை வெட்டுவதற்கும் கிரைண்டர் வேண்டாம். வெட்டும் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து, கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அந்த முனையிலிருந்து துரு விரைவில் ஏறும். மெல்லிய தகடு என்பதால் நல்ல தகரக் கத்தரி ஒன்றே போதுமானது.

சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட்டுக்கு வட்டத் துளை போட எதை வாங்குவது?

ஹோல் சா (விளிம்பில் பற்கள் கொண்ட கிண்ண வடிவ ரம்பம்) அல்லது அளவு மாற்றிக்கொள்ளும் வட்டக் கட்டர், இவ்விரண்டில் ஒன்று. அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறு நடப்பதும் இந்த வேலையில்தான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அளவு. விளக்கின் பெட்டியில் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: ஒன்று வெளி விட்டம், மற்றொன்று ‘கட் அவுட்’. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரே வாட் எண் கொண்ட விளக்குகளுக்குக்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் கட் அவுட் மாறுவதால், விளக்கைக் கையில் வாங்கி அளந்து பார்க்காமல் ஹோல் சா வாங்கக் கூடாது. அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டால் ஸ்பிரிங் கிளிப் பிடிக்காது, விளிம்பும் மறைக்காது. சிறிதாகிவிட்டால் பெரிதாக்குவது இன்னும் தொல்லை. காரணம், நடுவில் வழிகாட்டும் பைலட் பிட் கடிக்க இடமே இருக்காது. அந்த நிலையில், வேண்டிய அளவுத் துளையை முதலில் ஒரு பிளைவுட் துண்டில் போட்டு, அதைச் சீலிங்கில் இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த வளையத்துக்குள்ளேயே ஹோல் சாவை ஓட்டுவது எளிய வழி.

அடுத்தது இடம். சீலிங்கில் போர்டைத் தாங்கும் ஜி.ஐ. செக்‌ஷன்கள் பொதுவாக ஒன்றரையடிக்கு, அதாவது 457 மி.மீ.க்கு ஒன்றாக ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே குறுக்காக நான்கடிக்கு ஒன்றாக இன்டர்மீடியட் சேனல் போகிறது. விளக்கின் நடுப்புள்ளி இவற்றில் ஒன்றின் மேல் விழுந்தால், சேனலை வெட்டிவிட்டு விளக்கைப் பொருத்துவதே சிலரிடம் வழக்கமாகிவிட்டது. அப்படி வெட்டினால் அந்த இடத்தில் சீலிங் தாங்குதலை இழக்கிறது. வலுவான சிறு காந்தம் ஒன்றைச் சீலிங்கில் மெல்ல நகர்த்திப் பார்த்தால், பட்டிக்கு அடியிலுள்ள ஸ்க்ரூக்களின் தலைகளில் அது ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டும் புள்ளிகளைக் கோடாக இணைத்தால் செக்‌ஷன் ஓடும் வழி தெரிந்துவிடும். விளக்கை இரண்டு அங்குலம் தள்ளி வைப்பது யார் கண்ணையும் உறுத்தாது.

ஹோல் சாவை வாங்கும்போது பலர் கவனிக்காதது ஆர்பரின், அதாவது அதை ட்ரில்லில் மாட்டும் இணைப்பின், தண்டு. சிறிய ஹோல் சாக்களின் ஆர்பர் எந்த ட்ரில்லிலும் பொருந்தும். பெரிய அளவுகளுக்கான சில ஆர்பர்களின் அறுகோணத் தண்டு 11 மி.மீ. இருப்பதால், 10 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) கொண்ட சிறிய ட்ரில்லில் நுழையாது. கடையிலேயே சக்கில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். பற்களைப் பொறுத்தவரை ஜிப்சத்துக்குப் பை-மெட்டல் வகை தாராளமாகப் போதும். கார்பைடு துகள் பதித்த விலை உயர்ந்த வகை, சிமெண்ட் ஃபைபர் போர்டும் வெட்ட வேண்டியவர்களுக்குத்தான் தேவை.

அளவு மாற்றும் வட்டக் கட்டரில் இரண்டு கத்தி முனைகள் ஒரு தண்டில் நகரும். சுற்றிலும் ஒளி ஊடுருவும் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரே கருவியில் எல்லா அளவும் கிடைப்பதைவிட, அந்தக் கிண்ணம் தூசியைப் பிடித்துக்கொள்வதுதான் இதன் பெரிய பயன். தலைக்கு மேலே கையைத் தூக்கி வெட்டுபவருக்கு அதன் அருமை முதல் துளையிலேயே தெரியும். குடியிருக்கும் வீட்டில் நான்கைந்து விளக்கு சேர்ப்பவருக்கு வட்டக் கட்டரும், ஒரே அளவில் நாற்பது துளை போடும் எலக்ட்ரீஷியனுக்கு ஹோல் சாவும் பொருத்தமானவை.

வெட்டும்போது ட்ரில்லை முதல் கியரில், குறைந்த வேகத்தில் வையுங்கள். முதல் சில சுற்றுகளை ரிவர்ஸில் ஓட்டினால் பற்கள் தாளைக் கிழிக்காமல் வட்டமாகக் கீறிக்கொடுக்கும். பிறகு நேர்ச்சுற்றில் மாற்றி அழுத்தமின்றி வெட்டலாம்.

சுவிட்ச் பெட்டிக்கான சதுரத் திறப்பை எப்படி எடுப்பது?

போர்டை மாட்டுவதற்கு முன்பா, பின்பா என்பதைப் பொறுத்தது. பெட்டி சட்டகத்தில் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, அதன் மேல் போர்டு ஏறுகிறது என்றால், ட்ரைவால் வேலைக்கான ரோட்டரி கட்டர் மிக விரைவானது. நிமிடத்திற்குச் சுமார் 30,000 சுற்றுகள் சுழலும் இதில் 3.2 மி.மீ. தடிமனுள்ள, அதாவது நம் மேஸ்திரிகள் கணக்கில் ஒரு நூல் அளவுள்ள சுருள் பிட் மாட்டப்படும். நுனியில் வெட்டும் பள்ளம் இல்லாத, வழுவழுப்பான ‘கைடு பாயிண்ட்’ பிட்டையே கேட்டு வாங்க வேண்டும். அந்த நுனிதான் பெட்டியின் சுவரைத் தடவிக்கொண்டே வழிகாட்டுகிறது. பெட்டியின் நடுவில் பிட்டை இறக்கி, ஒரு விளிம்பைத் தொட்டதும் அதைத் தாண்டி வெளிப்பக்கம் வந்து, கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகப் பெட்டியைச் சுற்ற வேண்டும். அப்போது பிட்டின் சுழற்சி பெட்டியை ஒட்டியே அதை இழுத்துச் செல்லும். திசையை மாற்றிப் பிடித்தால் பிட் பெட்டியை விட்டு விலகிப் போர்டுக்குள் அலைய ஆரம்பிக்கும். பெட்டி ஏதுமின்றிக் கோடு போட்டு உள்பக்கமாகத் திறப்பு எடுக்கும்போது மட்டும் கடிகார முள்ளின் திசையிலேயே நகர்த்த வேண்டும். பிட்டின் ஆழத்தைப் போர்டின் கனத்தைவிட ஒரு நூல் மட்டும் கூடுதலாக வைத்து, பெட்டிக்குள் இருக்கும் ஒயர்களைச் சுருட்டிப் பின்னால் தள்ளி, எம்.சி.பி.யை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் அழுத்தம் கூடாது. பிட் பெட்டியையே உருக்கித் தின்றுவிடும்.

முடிந்துபோன சுவரில் புதிதாகத் திறப்பு எடுப்பதற்கு ஆசிலேட்டிங் மல்டி டூலைப் பரிந்துரைக்கிறோம். இதன் பிளேடு சுழல்வதில்லை. சில டிகிரி அகலத்தில் நிமிடத்திற்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் முறை அதிர்கிறது. மூலையை மூலையாகவே வெட்டும், தூசியை வீசி எறியாது, எவ்வளவு ஆழம் போகிறோம் என்பதும் கையில் தெரியும். பிளேடு வாங்கும்போது மாட்டும் அமைப்பைப் பார்த்து வாங்குவது முக்கியம். பாஷ், ஃபைன் நிறுவனங்களின் ஸ்டார்லாக் அமைப்பில் மூன்று நிலைகள் உள்ளன. சாதாரண ஸ்டார்லாக் பிளேடு மூன்று நிலை மெஷின்களிலும் ஏறும், ஆனால் ஸ்டார்லாக் மேக்ஸ் பிளேடு மேக்ஸ் மெஷினில் மட்டுமே ஏறும்.

ஒன்றிரண்டு திறப்புகள்தான் என்றால், கூர்முனை கொண்ட சிறிய ஜாப் சா என்னும் கைரம்பம் போதும். மின்கருவியைப் பற்றிய பக்கத்தில் இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில், தடை பட்டவுடன் நின்றுவிடும் கருவி இதுதான்.

ஜிக்சா உதவுமா?

மேலும் கீழும் அசையும் மெல்லிய பிளேடு கொண்ட இது, மேசையில் கிடக்கும் போர்டில் வளைவு வெட்ட உதவும். அடித்தட்டில் மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டால் முகப்புத் தாளில் கறை விழாது. மாட்டிய போர்டில், பின்னால் இருப்பது தெரியாத நிலையில், பயன்படுத்த வேண்டாம்.

எத்தனை வோல்ட் ட்ரில் தேவைப்படும்? ஹேமர் வசதி வேண்டுமா?

இந்த வேலைக்கு 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் தாராளம். தலைக்கு மேலே பிடித்து வேலை செய்பவருக்கு எடை குறைவாக இருப்பதுதான் பெரிய வசதி. ஹேமர் இயக்கத்தை ஜிப்சத்தில் ஒருபோதும் போடக் கூடாது, ஏனெனில் அதன் அதிர்ச்சியில் பின்பக்கத் தாளோடு ஜிப்சமும் கிண்ணம் கிண்ணமாகப் பெயர்ந்து விழும். கான்கிரீட்டுக்கான பிட்டின் மொட்டை முனையும் தாளைக் கிழிக்கும் என்பதால், எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் அல்லது நடுமுனை கொண்ட மர பிட் வாங்குங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கைத் தாண்டி மேலேயுள்ள கான்கிரீட் தளத்தில் துளையிட வேண்டியிருந்தால், முதலில் போர்டில் ஹோல் சாவால் தாராளமான ஒரு துளை எடுத்து, அதன் வழியே நீண்ட பிட் மாட்டிய ரோட்டரி ஹேமரை நுழைத்து வேலை செய்ய வேண்டும். தண்டு போர்டைத் தொட்டுக்கொண்டே அதிர்ந்தால் சுற்றியுள்ள ஜாயிண்ட் எல்லாம் விரியும்.

ஸ்க்ரூ ஏற்ற சாதாரண ட்ரில் போதாதா? ஸ்க்ரூ கன் எதற்கு?

ஸ்க்ரூவின் தலை தாளை மெல்ல அழுத்தி, மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். தாள் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ வெறும் ஜிப்சத்தைத்தான் பிடித்திருக்கிறது, அதாவது எதையும் பிடித்திருக்கவில்லை. கண்ணால் பார்த்து அந்த ஆழத்தில் நூறு முறை நிறுத்துவது தேர்ந்த கைக்கே கடினம் என்பதற்காகத்தான் ட்ரைவால் ஸ்க்ரூ கன் உருவானது. அதன் மூக்கை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரே ஆழத்தில் போய்க் கிளட்ச் தானாக விடுபடும்.

ஓர் அறைக்கு மட்டும் போர்டு போடுபவர் இதை வாங்கத் தேவையில்லை. சாதாரண ட்ரில்லில் மாட்டும் ‘டிம்பிளர்’ பிட், நுனியைச் சுற்றியுள்ள வளையம் போர்டைத் தொட்டதும் ஸ்க்ரூவிலிருந்து விலகிவிடும். மிகக் குறைந்த விலையில் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். இம்பாக்ட் டிரைவரை இதற்குப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும், கிளட்ச் இல்லாத அதன் வேகத்தில் தலை போர்டுக்குள் புதைந்துவிடும்.

12.5 மி.மீ. போர்டை ஜி.ஐ. செக்‌ஷனில் பிடிக்க 25 மி.மீ. நீளமுள்ள, நெருக்கமான மரை கொண்ட கறுப்பு ஸ்க்ரூவும், மரச் சட்டத்தில் பிடிக்க அகன்ற மரை கொண்டதும் பொருந்தும். சீலிங்கில் 230 மி.மீ.க்கு ஒன்று, சுவரில் 300 மி.மீ.க்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. தாள் மூடிய விளிம்பிலிருந்து 10 மி.மீ.யும், வெட்டிய விளிம்பிலிருந்து சற்றுக் கூடுதலாகவும் தள்ளி ஏற்ற வேண்டும்.

டி.வி., அலமாரி, மின்விசிறி ஆகியவற்றை மாட்ட எவ்வளவு பெரிய துளை போடுவது?

மின்விசிறியை ஜிப்சம் போர்டிலோ அதன் சேனலிலோ எந்தத் துளை போட்டும் மாட்டக் கூடாது. கான்கிரீட் தளத்திலுள்ள கொக்கியில்தான் அது தொங்க வேண்டும். போர்டில் தேவைப்படுவது விசிறியின் ராடு உரசாமல் இறங்க ஒரு வட்டத் துளை மட்டுமே.

பார்ட்டிஷன் சுவரில் கடிகாரமும் சிறிய படமும் மாட்ட, தானே துளைத்துச் செல்லும் அகன்ற மரை ஆங்கர் போதும். அதற்கு ட்ரில்லே வேண்டாம், குறைந்த வேகத்தில் ஸ்க்ரூ பிட்டால் திருகினால் போதுமானது. டி.வி.யும் அலமாரியும் வேறு கதை. சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டங்களான ஸ்டட்கள் இரண்டடிக்கு ஒன்றாக இருப்பதால் டி.வி. பிராக்கெட்டின் இரு பக்கமும் ஸ்டட்டில் விழுவது அரிது. போர்டு மூடுவதற்கு முன்பே அந்த இடத்தில் பிளைவுட் வைத்து அடைப்பதுதான் முறை. மறந்துவிட்டால் மல்டி டூலால் போர்டைச் செவ்வகமாக அறுத்தெடுத்து, பிளைவுட்டை ஸ்டட்களுக்கு இடையே பிடித்து, அதே துண்டை மீண்டும் பொருத்திப் பட்டி பார்க்கலாம்.

எங்கள் வீட்டுச் சீலிங் ஜிப்சம் போர்டுதானா என்று எப்படி அறிவது?

ஏதாவது ஒரு விளக்கைக் கழற்றி, திறப்பின் விளிம்பைப் பாருங்கள். தாளும், நடுவில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் பொருளும் இருந்தால் ஜிப்சம் போர்டு. தாள் இல்லாமல் வெள்ளையாக, நார் கலந்து இருந்தால் கையால் வார்த்த பி.ஓ.பி.; அதில் ஹோல் சா ஓடும், ஆனால் எந்த அழுத்தமும் கூடாது. சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சிமெண்ட் ஃபைபர் போர்டாக இருக்கலாம். அதை வெட்டும்போது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசி எழுவதால், கார்பைடு முனையும் உறிஞ்சும் வசதியும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையே சமதளமாக அடித்துச் சீலிங்காக்கியிருப்பதுண்டு. பார்வையால் உறுதி செய்ய முடியாது. ஐயம் இருந்தால் எந்த மெஷினையும் அதன் மேல் வைக்காமல், பரிசோதனைக் கூடத்தில் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

தூசிக்கு வீட்டு வேக்குவம் கிளீனர் போதுமா?

போதாது. ஜிப்சம் மாவு மிக நுண்ணியது; வீட்டுக் கருவியின் ஃபில்டரைச் சிறிது நேரத்தில் அடைத்து மோட்டாரைச் சூடேற்றும். பை பொருத்திய, கட்டட வேலைக்கான வேக்குவம் வேண்டும். வெட்டுவதைவிடப் பட்டி தேய்ப்பதில்தான் தூசி அதிகம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், உறிஞ்சும் வசதியுடன் தேய்க்கும்போது தூசி 80 முதல் 97 விழுக்காடு வரை குறைவதாகக் கண்டது. முகத்துக்குத் துணி கட்டுவது பயன் தராது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகக்கவசமும், மேல்நோக்கி வேலை செய்வதால் நாற்புறமும் மூடிய கண்ணாடியும் அணிய வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவி இங்கே ஓடுமா?

அங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் ட்ரைவால் என்பதால் ரோட்டரி கட்டரும் ஸ்க்ரூ கன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. ஒயர் வைத்தவை 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும். தகுந்த வாட் கொண்ட ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது கருவியைவிடக் கனமாக இருக்கும். பேட்டரி கருவியே மேல், ஆனால் அதன் சார்ஜரின் அடிப்பக்கத்தில் எந்த வோல்ட் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் இருந்தால் சார்ஜரை இங்கேயே வாங்க வேண்டும். அங்கே ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்கப்படுவது, முழுதாக சார்ஜ் ஆன நிமிடத்தின் அளவு. இயல்பான அளவு இங்கே விற்கும் 18 வோல்ட்டேதான். எனவே கூடுதல் வலிமை என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

உடன் ஸ்க்ரூவும் வாங்கிவரச் சொன்னால் வகையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச் சட்டம் இருப்பதால், கடையில் முதலில் கைக்கு வருவது அகன்ற மரை ஸ்க்ரூதான். அது நம் ஜி.ஐ. செக்‌ஷனில் கடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.